ஒரு சாண் கீழே

அத்தியாயம் பதினொன்று

“மேடம், கார் என் மச்சானோடது. பானெட் நசுங்கினா எங்க அக்கா பெட்டியோட பொறந்த வீட்டுக்கு வந்துடுவா. அவளை வெச்சு சமாளிக்க எனக்குத் தெம்பில்ல” என்றான் உதவியாளன் வரதன்.

சியாமளா இறங்கவில்லை. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அம்பாசடரின் மூக்கின் மேல் நின்றபடி, எதிரே இருந்த தகர போர்டைக் கையால் அளந்துகொண்டிருந்தாள். போர்டில் கடல், கடலுக்கு மேல் மஞ்சளாக ஒரு சூரியன், சூரியனுக்குப் பக்கத்தில் ‘சாகர் அவென்யூ’. அவள் கட்டைவிரலைச் சூரியனின் நட்டநடுவில் வைத்துச் சுண்டுவிரலைக் கீழே நீட்டினாள். அது சரியாக ஒரு ஓட்டையில் போய் விழுந்தது.

மொத்தம் மூன்று ஓட்டைகள். மூன்றையும் ஒரு வெற்றிலையால் மூடிவிடலாம். தகரம் கடல் பக்கமாகப் பிதுங்கியிருந்தது. அப்படியானால் தோட்டாக்கள் வந்தது எதிர்ப்பக்கம், கால்வாய்க்கு அந்தண்டை இருக்கும் சவுக்குத் தோப்பிலிருந்து.

இந்த போர்டின் காலடியில்தான் செப்டம்பரில், ஓட்டுப்பதிவு அன்று காலை, மனை வியாபாரி வாசுதேவன் நெஞ்சில் குண்டு வாங்கி விழுந்தான். லீவு நாள். கல்பாக்கத்துச் சம்பளக்காரக் குடும்பங்கள் பிள்ளைகுட்டிகளோடு மனை பார்க்க வரும் நாள். முதல் குடும்பம் வந்தபோது அவன் மணலில் கிடந்தான். உடம்பைத் துளைத்து வெளியேறிய தோட்டா மணலுக்குப் போனதோ தண்ணிக்குப் போனதோ, கடைசிவரை கிடைக்கவில்லை. சவுக்குத் தோப்பில் சுட்ட தோட்டாவின் காலிக் கூடு ஒன்று கிடைத்தது. முந்நூற்றுப் பதினைந்து ரகம்.

போர்டில் விழுந்திருந்த ஓட்டைகள் அதற்குச் சில நாள் முன்னாலேயே விழுந்தவை. நிலம் போன கோபத்தில் எவனோ சுட்டுவிட்டுப் போனான் என்று மனைக் காவல்காரர் அன்றைக்கே சொல்லியிருந்தார். போலீஸ் அதை எழுதிக்கொண்டு மறந்துவிட்டது.

“கோபக்காரன் மூணு தடவை சுட்டா மூணும் மூணு ஊருக்குப் போகும், வரதா. இது கோபம் இல்லை, ஒத்திகை. சூரியனைப் பார்த்துச் சுட்டிருக்கான்.”

“சூரியன் மேல ஒண்ணுகூடப் படலையே மேடம்.”

“அதுதான் என் கவலையும்” என்று சொல்லிவிட்டு சியாமளா அவன் தோளைப் பிடித்து இறங்கினாள்.

போர்டின் நிழலில் வேண்டா உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் தனகோடி இரண்டு மாசமாகச் செங்கல்பட்டில் சிறையில் இருக்கிறார். இந்த மணலும் அதற்குப் பின்னாலிருந்த கடலைக் கொல்லையும் அவரிடமிருந்து வாசுதேவன் கைக்குப் போனவை. ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் பத்துப் பேர் பார்க்க வாசுதேவன் அவரைச் செருப்பால் அடித்தான். அவரிடம் காட்டுப்பன்றி விரட்ட லைசென்ஸ் வாங்கிய நீளத் துப்பாக்கி ஒன்று உண்டு. தேர்தல் என்றால் லைசென்ஸ்காரர்கள் எல்லாரும் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். பன்றி அப்போது கடலையில் இறங்கியிருந்ததால் இவர் ஒப்படைக்கவில்லை. சுட்டேன் என்றும் சொல்லவில்லை, சுடவில்லை என்றும் சொல்லவில்லை. அன்று காலை அப்பா துப்பாக்கியோடு கால்வாய்ப் பக்கம் போனதைப் பார்த்தேன் என்று அவர் மகனே போலீசில் சொன்னான். அதற்கு மேல் போலீசுக்கு என்ன வேண்டும்?

வேண்டா முதல் தடவை சியாமளாவின் துப்பறியும் ஆபீசுக்கு வந்தபோது சொன்னதில் அழுகை இல்லை. “அவரு செய்யலம்மா. அம்பதடியில பன்னி நின்னாக்கூட அவருக்கு அடிக்க வராது. அவரு சுட்டா பன்னி நின்னு பாத்துட்டுப் போவும். ராவெல்லாம் மூச்சு எளைக்கிற மனுசன், உள்ள தாங்க மாட்டாரு. அவரை வூட்டுக்குக் கூட்டியாந்துடுங்க. வேற ஒண்ணும் வாணாம்.”

அவள் மகன் வெங்கடேசன் இளநீர் சீவி எடுத்துக்கொண்டு வந்தான். மறைமலைநகரில் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை. அம்மாவை டி.வி.எஸ் ஃபிஃப்டியில் அவன்தான் கூட்டிவந்திருந்தான். வரதனுக்கு நீட்டிய இளநீரை அவன் இடது கையால் நீட்டினான்.

“இன்னா தம்பி, என் மேல அவ்ளோ மரியாதையா?” என்றான் வரதன்.

“தப்பா எடுத்துக்காதீங்க. பொறந்ததுலேர்ந்து அவனுக்குப் பீச்சாங்கைதான். அடிச்சுப் பார்த்தேன், மாறல” என்றாள் வேண்டா.

வரதன் விடவில்லை. வண்டி வரும்போதே பார்த்தேன், திருப்பத்தில் கை காட்டியதும் பின்னால் இருந்த அம்மாதான், கொடுத்து வைத்தவன், பேசும் இண்டிகேட்டரோடு வண்டி ஓட்டுகிறான் என்றான். வேண்டாவுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. இவன் பாட்டுக்குத் திருப்பிவிடுவான், பின்னால் லாரி வரும், பயத்தில் நான்தான் கை காட்டுவேன் என்றாள். வெங்கடேசன் சிரிக்கவில்லை.

அடுத்து எங்கே போகிறோம் என்று வேண்டா கேட்டாள். கல்குவாரியில் இருக்கும் துப்பாக்கி சுடும் கிளப்புக்கு என்று சியாமளா சொன்னாள். வேண்டா காரில் வரட்டும், மகன் ஷிஃப்ட் முடிந்து வந்து அழைத்துக்கொள்ளட்டும் என்று ஏற்பாடு ஆயிற்று. வெங்கடேசன் ஒரு நிமிஷம் வண்டிச் சாவியைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு, “வந்துடறேன்” என்றான்.

---

திருக்கழுக்குன்றத்திலிருந்து செங்கல்பட்டு போகிற ரோட்டில், போர்டோ பெயரோ இல்லாத ஒரு மண்பாதை உள்ளே பிரிகிறது. வரதன் இரண்டு தடவை தாண்டிப் போய்த் திரும்பி வந்தான். டீக்கடையில் கேட்டதற்கு அப்படி ஒரு கிளப்பே இல்லை என்றார்கள். ஆடு மேய்த்த ஒரு அம்மாள்தான் கடைசியில் கை காட்டினாள்.

போகும்போது வரதன் கேஸைத் தனக்குத் தெரிந்த மாதிரி சுருக்கினான். இந்தச் சுற்றுவட்டாரத்தில் முந்நூற்றுப் பதினைந்து ரகத் துப்பாக்கி மொத்தம் மூன்று. ஒன்று செங்கல்பட்டு மிராசுதாருடையது. அது தேர்தலுக்காக ஸ்டேஷனில் பூட்டிக் கிடந்தது. இரண்டாவது கிளப் மாஸ்டர் கோதண்டராமனுடையது. போட்டிக்குச் சுடுகிறவர்கள் என்பதால் கிளப்புக்கு விலக்கு உண்டு, ஒப்படைக்க வேண்டாம். ஆனால் அது குழலை வெட்டிக் குட்டையாக்கிய துப்பாக்கி. கிளப்பில் அதற்குப் பெயரே மொண்ணை. அது நூறு அடி தாண்டாது, தோப்பிலிருந்து போர்டுவரை இருநூறு கஜம், அதனால் அதை விட்டுவிடலாம் என்று போலீசுக்கு நிபுணராகச் சொன்னது அதே மாஸ்டர்தான். மிச்சம் இருந்தது தனகோடியின் நீளத் துப்பாக்கி.

“மொண்ணை நம்ம ஊர் ஆட்டோ மீட்டர் மாதிரி மேடம். இருக்கும், ஓடாது.”

“ஓடாதுன்னு சொல்றது யாரு? ஆட்டோக்காரர்தானே?” என்றாள் சியாமளா.



---

கோதண்டராமன் ஓய்வு பெற்ற சுபேதார். அறுபதைத் தாண்டியும் முதுகு வளையாதவர். வேண்டா காரிலேயே இருந்துகொண்டாள். அவள் யார் என்று தெரிந்ததும் அவர் கார் பக்கம் திரும்பாமல் நின்றார். சியாமளா அதைக் கவனித்தாள்.

மொண்ணையை எடுத்துக்கொண்டு வந்து மேஜை மேல் வைத்தார். அது எப்படி மொண்ணை ஆயிற்று என்று வரதன் கேட்டதற்குக் கதையாகவே சொன்னார். போன வருஷத் தேர்தலின்போது கிளப்புக்கு விலக்கு வரத் தாமதமானதால் அதையும் ஸ்டேஷனில் ஒப்படைத்தாராம். குழலுக்குள் பல்லி போகிறது என்று அங்கே ஒரு புண்ணியவான் எல்லாத் துப்பாக்கி வாயிலும் பஞ்சு அடைத்து வைத்துவிட்டான். கடலோர ஈரத்தைப் பஞ்சு குடித்துக்கொண்டே இருந்தது. திரும்பி வந்தபோது நுனி முழுக்கத் துரு. வாய் கெட்டால் துப்பாக்கி கெட்டது. வேறு வழியில்லாமல் துருப்பிடித்த நுனியை லேத்தில் கொடுத்து வெட்டி, வாயைச் சுத்தமாகக் கடைந்து வாங்கினார்.

“எங்க வெட்டினீங்க?” என்றாள் சியாமளா.

“மறைமலைநகர்ல. கம்பெனியில வேலை செய்யற ஒரு பையன் செஞ்சு குடுத்தான்.”

துப்பாக்கியின் கட்டையைச் சியாமளா திருப்பிப் பார்த்தாள். சுடும்போது கன்னம் படியும் இடத்தில் வழுக்காமல் இருக்க ஒரு வெல்வெட் துண்டு ஒட்டியிருந்தது.  இருநூறு கஜத்தில் ஒரு தடவை சுட்டுக் காட்ட முடியுமா என்று மட்டும் கேட்டாள். தோட்டா வீண் என்றார் அவர். வீணாவதைப் பார்த்தால்தான் எனக்கு நம்பிக்கை வரும் என்றாள்.

அவர் மணல் மூட்டை மேல் துப்பாக்கியைச் சாய்த்துப் படுத்தார். மூன்று தடவை சுட்டார். குவாரிச் சுவர் மூன்று தடவையும் இடித்துப் பதில் சொன்னது. பைனாகுலரில் பார்த்தால் தூரத்துக் காகிதத்தில் கறுப்பு வட்டம் அப்படியே இருந்தது. சுற்றியிருந்த வெள்ளையிலும் ஒரு கீறல் இல்லை.

“பேப்பர் புதுசாவே இருக்கு மேடம். எடுத்துட்டுப் போனா அக்கா அலமாரிக்கு விரிப்பா” என்றான் வரதன்.

“நான்தான் சொன்னேனே” என்றார் கோதண்டராமன். முகத்தில் வேர்வை.

சியாமளா வெயிலில் காகிதம் இருந்த இடம்வரை நடந்தே போனாள். வரதன் குடை பிடிக்காத குறையாகப் பின்னால் ஓடினான். காகிதம் ஒட்டியிருந்த சட்டத்தின் கீழே ஒரு மரக்கட்டை. அவள் கட்டைவிரலைக் கறுப்பு வட்டத்தின் நடுவில் வைத்தாள். சுண்டுவிரலை நீட்டினாள். அது காகிதத்தைத் தாண்டி, கட்டையில் இருந்த ஒரு புது ஓட்டையில் விழுந்தது. பக்கத்திலேயே இன்னும் இரண்டு. மூன்றையும் ஒரு வெற்றிலையால் மூடிவிடலாம்.

வரதன் அதைப் பார்த்தான். தன் கையையும் விரித்து அளந்து பார்த்தான்.

---

திரும்பி வந்து சியாமளா மேஜைக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“மாஸ்டர், நீங்க போலீஸ்ல சொன்னது எல்லாரும் நம்பற விஷயம். பேரல் நீளமா இருந்தா தூரம் போகும், குட்டையா இருந்தா குறி தப்பும். நானும் நம்பினேன். குட்டையானா வேகம்தான் குறையுது. அதனால தோட்டா கொஞ்சம் சீக்கிரம் தாழுது. ஆனா எத்தனை தடவை சுட்டாலும் அதே அளவுதான் தாழுது. நீளமான மூங்கிலை ஆட்டினா நுனி ஆடும். அதையே வெட்டிக் குட்டையாக்கினா விறைப்பா நிக்கும். உங்க மொண்ணை கெட்டுப் போகலை. முன்னைவிட நல்லா சுடுது. ஒரு சாண் மேல குறி வைக்கத் தெரிஞ்சா போதும். அந்த ஒரு சாணைத் தெரிஞ்சுக்கத்தான் போர்டுல சூரியனைச் சுட்டுப் பார்த்திருக்கான். வாசுதேவன் கழுத்தைப் பார்த்துக் குறி வெச்சான், நெஞ்சுல அடிச்சான்.”

கோதண்டராமன் மீசையைத் தடவவில்லை, கோபப்படவுமில்லை. ஓட்டுப்பதிவு அன்று தான் இருந்த இடத்தைச் சொன்னார். காலையிலிருந்து சாயங்காலம்வரை பள்ளிக்கூடத்து பூத்தில் வரிசையை ஒழுங்குபடுத்தும் வேலை. ஒரு ஊரே பார்த்தது.

“நீங்க சுட்டீங்கன்னு நான் சொல்லவே இல்லையே” என்றாள் சியாமளா. “இப்ப நீங்க படுத்துச் சுட்டபோது உங்க கன்னம் கட்டையோட இடது பக்கம் இருந்துச்சு. வெல்வெட் ஒட்டியிருக்கறது வலது பக்கம். அது இடது கைக்காரன் கன்னம் படற இடம். கார்ல வர எங்களுக்கு இந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஆடு மேய்க்கறவங்களைக் கேட்க வேண்டியிருந்தது. காலையில ஒரு பையன் வழியே கேட்காம, கல்குவாரிக்கு வந்துடறேன்னான். மறைமலைநகர்ல லேத் வேலை செய்யற பையன். வெட்டிக் குடுத்ததுக்குக் கூலியா அவனுக்குச் சுடக் கத்துக் குடுத்தீங்களா?”

மாஸ்டர் வெல்வெட்டைத் தடவிக்கொண்டே சொன்னார். கூலி வேண்டாம், ஒரு தடவை சுட்டுப் பார்க்கிறேன் என்று கேட்டானாம். முதல் நாளே தெரிந்துவிட்டதாம். இருபத்தைந்து வருஷத்தில் அப்படி ஒரு கை பார்த்ததில்லை. ஜனவரியில் அகில இந்தியப் போட்டி. ஜெயித்தால் அரசாங்க வேலை. துப்பாக்கி அலமாரியின் சாவியை அவனிடமே கொடுத்து வைத்திருந்தார். கொலைக்கு மறுநாள் துப்பாக்கியைத் துடைக்க எடுத்தபோது குழலில் கரி இருந்தது.

“போலீசுக்குப் போகத்தான் கிளம்பினேன், மேடம். அதுக்கு முன்னாடி தனகோடியை ஜெயில்ல போய்ப் பார்த்தேன். அவருக்கு ஏற்கெனவே தெரிஞ்சிருந்தது. அவர் என் கையைப் பிடிச்சுக்கிட்டார். எனக்கு மூச்சு இன்னும் எவ்வளவு நாளைக்கு மாஸ்டர், அவனுக்கு இப்பத்தானே ஆரம்பம்னார். நான் என்ன செய்யட்டும்?”

“பொண்டாட்டிக்காரின்னு நான் ஒருத்தி இருக்கேன்னு ரெண்டு பேருக்கும் ஞாபகமே வரலியா?”

தண்ணீர் கேட்க இறங்கி வந்த வேண்டா, காலி பாட்டிலோடு தகரக் கொட்டகையின் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எப்போதிலிருந்து நின்றாள் என்று யாருக்கும் தெரியாது. வரதன் நாற்காலியை இழுத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை.

“அவரு ஒண்ணு நினைச்சாரு, நீங்க ஒண்ணு நினைச்சீங்க. அவரு உள்ள கெடந்து சாவணும், இவன் வெளியில மெடலு வாங்கணும். நான் மட்டும் வக்கீலு வூடு, ஜெயிலு வாசல்னு அலைஞ்சிகினு கெடக்கணும். நல்லா கீதுய்யா உங்க நியாயம்.”

கோதண்டராமன் எழுந்து நின்றார். 

அப்போதுதான் மண்பாதையில் டி.வி.எஸ் சத்தம் கேட்டது.

வெங்கடேசன் கொட்டகைக்குள் வந்து மேஜை மேல் இருந்த துப்பாக்கியைப் பார்த்தான். வெல்வெட் துண்டு மேல் பக்கம் தெரியும்படி அது கிடந்தது. பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தான்.  அவனாகவே பேசினான். அப்பாவைச் செருப்பால் அடித்தான், பத்துப் பேர் சிரித்தார்கள், அதற்குப் பிறகு அப்பா வீட்டில் நிமிர்ந்தே உட்காரவில்லை என்றான்.

“அப்பாவுக்காகத்தாம்மா செஞ்சேன்.”

“அதை நான் கேக்கல” என்றாள் வேண்டா. “நீ சுட்டது உன் கோவம். அவரு வாயத் தொறக்காதது அவரு பாசம். இவரு பொய் சொன்னது, போவுது, ஊராரு. அப்பா துப்பாக்கி எடுத்துகினு போனத நான் பாத்தேன்னு போலீசாண்ட சொன்னியே. அது இன்னாடா?”

“அப்பாதாம்மா சொல்லச் சொன்னாரு. என் மேல சந்தேகம் வராம இருக்க.”

“சொல்லச் சொன்னா சொல்லிடுவியா?” அவள் குரல் ஏறவே இல்லை. “வெசம் குடிக்கப் போறேன்னு அப்பன் கேட்டா, கிளாஸை எடுத்தாந்து குடுப்பியா? எந்தக் கையால குடுப்ப?”

வெங்கடேசன் தன் கைகளைப் பார்த்தான். எதை எங்கே வைப்பது என்று தெரியாதவன் மாதிரி இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டான்.

சியாமளா வேண்டாவிடம் மெதுவாகச் சொன்னாள். கேஸைக் கொடுத்தது நீங்கள், நான் இதைப் போலீசுக்கு எடுத்துக்கொண்டு போவதும் போகாததும் உங்கள் வார்த்தை என்று சொல்லிவிட முடிந்தால் நன்றாக இருக்கும், ஆனால் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை என்றாள். இன்று ராத்திரிவரை வேண்டுமானால் பொறுக்கிறேன் என்றாள்.

“பொறுத்து?” என்றாள் வேண்டா. “நான் உங்ககிட்ட இன்னா கேட்டேன்? அவரை வூட்டுக்குக் கூட்டியாங்கன்னு கேட்டேன். வேற ஒண்ணும் வாணாம்னு நான்தான சொன்னேன்.”

அவள் வெளியே போய் டி.வி.எஸ்ஸின் பின்சீட்டில் உட்கார்ந்தாள். மகன் வந்து வண்டியை மிதித்தான். மூன்றாவது மிதியில்தான் கிளம்பியது. எப்போதும் போல அவள் அவன் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

வரதன் சாவியை எடுத்தான். “பின்னால போகலாமா மேடம்? பையன் பாதியில வண்டியை வேற எங்கியாவது வுட்டுட்டா?”

சியாமளா மண்பாதையின் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே தார்ரோடு. வலது பக்கம் திரும்பினால் திருக்கழுக்குன்றம், அதைத் தாண்டி அவர்கள் ஊர், வீடு. இடது பக்கம் திரும்பினால் செங்கல்பட்டு, ஜெயில்.

வண்டி ரோட்டு முனையில் போய் நின்றது. பஸ் ஒன்று போயிற்று, ஒரு லாரி போயிற்று. அதற்குப் பிறகும் வண்டி நகரவில்லை. வெங்கடேசன் தலையைக் குனிந்துகொண்டு ஹேண்டில்பாரைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தான்.

பின்சீட்டிலிருந்து வேண்டாவின் கை மெல்ல வெளியே நீண்டது. இடது கை.